வெள்ளைப் பாதங்கள்: பாக் சே ரியும் ஒரு தேசத்தின் கடனும்

கோல்ஃப்னு சொன்னதுமே பாதிப் பேர் அடுத்த எபிசோடுக்குத் தாவப் பார்ப்பீங்கன்னு தெரியும். எனக்கும் அந்த விளையாட்டு மேல பெரிய ஈர்ப்பு கிடையாது. ஆனா ஒரு சின்ன வீடியோ இருக்கு. இதுக்காக அதைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். இருபது வயசு வீராங்கனை ஒருத்தங்க குளத்தோரம் நின்னு ஷூவைக் கழட்டுறாங்க. அப்புறம் சாக்ஸ். கால் முழுக்க வெயில்ல கறுத்திருக்கு. கணுக்காலுக்குக் கீழ மட்டும் பால் மாதிரி வெள்ளை.

அவங்க பேர் பாக் சே ரி. இடம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், பிளாக்வுல்ஃப் ரன் மைதானம். 1998 ஜூலை 6, அமெரிக்க மகளிர் ஓப்பன்.

அந்த நேரத்துல கொரியாவில் செவ்வாய்க்கிழமை விடிகாலை. டிவி முன்னாடி உட்கார்ந்திருந்த நாடு எந்த நிலைமையில இருந்ததுன்னு தெரிஞ்சாதான் இந்தக் கதை புரியும். 1997 கடைசியில தென் கொரியா ஐ.எம்.எஃப்.கிட்ட கைநீட்ட வேண்டியதாப் போச்சு. பெரிய பெரிய கம்பெனிகள் திவால். ஒரே கம்பெனியில ஆயுசு முழுக்க வேலைன்னு நம்பியிருந்த அப்பாக்கள் வீட்டுக்கு வந்துட்டாங்க. நாட்டுக் கடனை அடைக்கத் தங்கம் கொடுங்கன்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சு, லட்சக்கணக்கான பேர் வரிசையில நின்னாங்க. கல்யாண மோதிரம், குழந்தையோட முதல் பிறந்தநாளுக்கு வந்த குட்டி மோதிரம், எல்லாம். 200 டன்னுக்கு மேல சேர்ந்தது. தங்கம்னா வீட்டுல என்ன அர்த்தம்னு நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதுல வேடிக்கை என்னன்னா, அதே நாட்டில் கோல்ஃப் ஒரு கெட்ட வார்த்தை மாதிரி. பணக்காரங்க, லஞ்சம் வாங்குறவங்க விளையாட்டுன்னு பேர். அதுக்குச் சில வருஷம் முன்னாடிதான் அதிபர் கிம் யங்-சாம், அதிகாரிகள் யாரும் கோல்ஃப் பக்கம் போகக்கூடாதுன்னு மறைமுகமாச் சொல்லியிருந்தார்.

சரி, மைதானத்துக்கு வருவோம். எதிர்ல இருந்தது ஜென்னி சுவாசிரிபோன். தாய்லாந்திலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்குப் பிறந்த அமெரிக்கர், டியூக் பல்கலைக்கழக மாணவி. தொழில்முறை ஆட்டக்காரர்கூடக் கிடையாது. அவங்களுக்கும் இருபது வயசுதான். ஞாயிற்றுக்கிழமை கடைசிக் குழியில ரொம்ப நீளமான ஒரு பட் அடிச்சு, சே ரியோட சமநிலைக்கு வந்துட்டாங்க. அதனால திங்கட்கிழமை மறுபடியும் 18 குழி.

அந்தப் பதினெட்டாவதுல சே ரி அடிச்ச பந்து இடது பக்கமா வளைஞ்சு, தண்ணீர் ஓரச் சரிவுல புல்லுக்குள்ள நின்னுடுச்சு. ஒரு ஸ்ட்ரோக் அபராதம் வாங்கிக்கிட்டுப் பந்தை வெளியே வைக்கலாம், விதியில இடமிருக்கு. ஆனா சமநிலையில இருக்கும்போது ஒரு ஸ்ட்ரோக் போனா கோப்பையே போன மாதிரி. அதனாலதான் தண்ணிக்குள்ள இறங்கினாங்க. பந்து வெளியே வந்தது. ரெண்டு பேரும் 73. அதுக்கப்புறம் யார் முதல்ல ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான்னு ஆடி, ரெண்டாவது குழியில சே ரி ஜெயிச்சாங்க. மொத்தம் 92 குழி.

கொரியா அந்தக் கோப்பையைவிட அந்தப் பாதத்தைத்தான் பிடிச்சுக்கிட்டது. 'நாமும் இறங்கி மேல வருவோம்'னு அரசு விளம்பரத்துலயே அந்தக் காட்சி ஓடியது. எனக்கு அந்தக் கோட்டுல வேற ஒண்ணு தெரியுது. ஷூவைக் கழட்டாம வெயில்ல நின்ன ஒரு சிறுபிள்ளைப் பருவம். பள்ளியில தடகளம் ஆடின பொண்ணைக் கோல்ஃபுக்குக் கொண்டுவந்தது அப்பா. பயம் போகணும்னு ராத்திரி சுடுகாட்டுல விட்டுட்டு வந்தார்னு பத்திரிகைகள் எழுதின. நான் அதை அப்படியே நம்பல. ஆனா அப்படி ஒரு கதையைப் பெருமையா எழுதின காலம் அதுங்கிறதை நம்புறேன்.

ஜெயிச்ச அதே வாரம் ஒஹையோவில் ஒரே சுற்றுல 61 அடிச்சாங்க. அன்னிக்கு அது எல்.பி.ஜி.ஏ. சாதனை. வருஷக் கடைசியில ஊருக்கு வந்தப்போ பாராட்டு விழா, பேட்டின்னு ஓயாம ஓட வெச்சு, கடைசியில ஆஸ்பத்திரியில படுத்துட்டாங்க. கேமராக்கள் கட்டில் வரைக்கும் போச்சு.

2004-ல ஹால் ஆஃப் ஃபேமுக்கு வேண்டிய புள்ளிகள் முழுசாச் சேர்ந்தது. அதுக்கப்புறம் ஆட்டம் சரிஞ்சது. பந்து எங்க போகும்னு அவங்களுக்கே தெரியாத நிலை. 2006-ல எல்.பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்ல காரி வெப்பை பிளே-ஆஃபில் ஜெயிச்சுத் திரும்பி வந்தாங்க. அந்த வெற்றிக்கு யாரும் விளம்பரம் எடுக்கல. அவங்க வாழ்க்கையில எனக்குப் பிடிச்சது அதுதான்.

98-ல அந்த விடிகாலை டிவி பார்த்த வீடுகள்ல, பத்து வயசு நிரம்பாத பாக் இன்-பி வீடும் ஒண்ணு. (சொந்தம் இல்லீங்க, கொரியாவில் பாதித் தெருவுக்கு பாக்னுதான் பேர்.) 2008-ல அந்தப் பொண்ணு 19 வயசுல அதே அமெரிக்க ஓப்பனை ஜெயிச்சு, சே ரியோட இளம் வயதுச் சாதனையை உடைச்சாங்க. 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கமும் வாங்கினாங்க. அணிக்குப் பயிற்சியாளர் சே ரி. அழுதுட்டாங்க. அதே வருஷம் ஓய்வு.

ஜென்னி? தொழில்முறைக்கு வந்தாங்க, எல்.பி.ஜி.ஏ.வுல இடம் கிடைக்கல. கொஞ்ச வருஷத்துல கோல்ஃபை விட்டுட்டு நர்ஸ் ஆகிட்டாங்க.