சருகும் செல்வமும்

ட்ரோப்ரியாண்ட் தீவுகளை நான் முதலில் அறிந்தது மாலினோவ்ஸ்கி வழியாகத்தான். மானுடவியல் பக்கம் எட்டிப் பார்த்த நம்மில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். பப்புவா நியூ கினியின் கிழக்கே உள்ள பவழத் தீவுகள் அவை. 1915க்கும் 1918க்கும் இடையே இருமுறை அங்கே தங்கிய அவர், 1922ல் வெளியிட்ட நூலில் 'குலா'வை உலகறியச் செய்தார். சிவப்புச் சிப்பிமணி மாலைகள் ஒரு திசையிலும் வெண்சங்கு வளைகள் எதிர்த் திசையிலும் தீவு தீவாகச் சுற்றி வரும். ஓடம் ஓட்டுகிறவன் ஆண், பேர் வாங்குகிறவனும் ஆண். நானும் அதில் சொக்கிக் கிடந்தவன்தான்.

1971ல் அனெட் வைனர் அங்குள்ள கிரிவினா தீவுக்குப் போகிறார். போன புதிதிலேயே ஊர்ப் பெண்கள் அவரை ஒரு சாவுச் சடங்குக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கே பெண்கள் காய்ந்த வாழையிலைக் கட்டுகளை ஆயிரக்கணக்கில் பங்கு வைக்கிறார்கள். அவற்றுக்கு 'டோபா' என்று பேர். கோலம் செதுக்கிய பலகையில் இலையை வைத்துச் சுரண்டி, உலர்த்தி, கீற்றுகளை ஒருமுனையில் சேர்த்துக் கட்டுவார்கள். அட, வெறும் சருகுதானே?

இல்லை. அங்கே குலம் தாய்வழி. செத்தவரின் உடலைத் தொட்டு அடக்கம் செய்வதும் துக்கம் காப்பதும் பிற குலத்தார் வேலை. மாதங்கள் கழித்து, செத்தவரின் தாய்க்குலப் பெண்கள் இலைக்கட்டும் பாவாடையும் கொடுத்து அந்தக் கடனைத் தீர்க்கிறார்கள். இன்னொரு கணக்கும் உண்டு. ஒருத்திக்காக அவள் சகோதரன் ஆண்டுதோறும் விளைவித்துத் தரும் வள்ளிக்கிழங்கு அவள் கணவனின் களஞ்சியத்தை நிரப்புகிறது. அதற்கு ஈடாக, அவள் குலத்தில் சாவு விழுந்தால் கணவன் தன் பன்றி, ரொக்கம் எல்லாம் இறக்கி அவளுக்கு இலைக்கட்டு சேர்த்துத் தந்தாக வேண்டும். ஆணின் சேமிப்பு இப்படித்தான் கரைகிறது. எவனும் சேர்த்துக்கொண்டே போக முடியாது.

வைனரின் நூல் 1976ல் வந்தது. மாலினோவ்ஸ்கி பெண்களைப் பார்க்காதவர் அல்ல; 1929ல் தீவின் மண, பாலியல் வாழ்க்கை பற்றித் தனி நூலே எழுதியவர். ஆனால் 'பொருளாதாரம்' என்ற அவரது சட்டகத்துக்குள் இலை நுழையவில்லை. அந்தப் பிரதியை வாசித்த என் கண்ணிலும் அது படவில்லை. கவனிக்க வேண்டியது இதைத்தான்: எது செல்வம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வரலாறு எழுத உட்கார்கிறோம்.

அதிகாரிகளும் மிஷனரிகளும் இதை வீண் செலவு என்றார்கள். இந்த நூற்றாண்டில் தீவின் போதகர்கள் சிலரும் கைவிடச் சொல்கிறார்கள். இலையின் இடத்தில் துணியும் பணமும் வருகின்றன. சுமை குறைந்தால் நல்லதுதானே என்கிற பெண்களும் அங்கே உண்டு. பழமையைப் போற்ற நாம் யார்? ஆனால் வாழை வைத்திருக்கும் எவளும் தன் கையால் டோபா செய்யலாம். பணத்தை அப்படிச் செய்ய முடியாது. அதற்குச் சம்பளக்காரர் ஒருவரிடம் கை நீட்ட வேண்டும். சடங்கு ஒழிகிறதா, அதிகாரம் கை மாறுகிறதா? செயல்பாட்டாளர்களான நாம் 'மூடப்பழக்கம்' என்று எதையாவது தள்ளும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.