கலிஃபோர்னியாவின் ரெண்டாவது வாசல்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரத்துக்கு சொந்தக்காரங்க போன் எல்லாத்துலயும் ஒரே கேள்விதான்: "எவ்ளோ மார்க்?" போன வருஷம் எங்க பெரியம்மா பேரனுக்கு மார்க் கொஞ்சம் குறைஞ்சு போச்சு. வீடு எழவு விழுந்த மாதிரி ஆயிடுச்சு. அந்த நேரத்துல கலிஃபோர்னியாவுல இருக்கிற அத்தை பையன் பேசினான். அவன் பொண்ணுக்கும் ஹைஸ்கூல்ல 'பி'யும் 'சி'யும்தானாம். "ரெண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜ் போவா, அப்புறம் யூ.சி.க்கு மாறிக்கலாம் மாமா"ன்னு சாதாரணமா சொல்றான்.

யூ.சி.ன்னா கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் எல்லாம் அதோட வளாகங்கள்தான். பள்ளி முடிச்சு நேரா பெர்க்லிக்கு விண்ணப்பிக்கிற நூறு பேர்ல பத்துப் பன்னிரண்டு பேருக்கு இடம் கிடைச்சா பெரிய விஷயம். அங்கே 'சி' வாங்கினவங்க எப்படி நுழைய முடியும்? அதைத் தோண்டப் போய் கிடைச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

1950-களின் கடைசி. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் பிறந்த பிள்ளைகள் எல்லாம் 1964 வாக்கில் கல்லூரி வாசலுக்கு வந்து நிற்கப் போறாங்கன்னு கலிஃபோர்னியா அரசாங்கத்துக்குக் கிலி. இன்னொரு பக்கம் ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரும் எங்க தொகுதிக்கு ஒரு காலேஜ் வேணும்னு நிற்கிறாங்க (உலகம் பூரா ஒரே கதைதான் போல). அரசு கல்லூரிகளோ எங்களுக்கும் டாக்டர் பட்டம் கொடுக்கிற உரிமை வேணும்னு யூ.சி.யோட மல்லுக்கு நிற்குது. 1959-ல் டோரத்தி டோனஹோ என்ற சட்டமன்ற உறுப்பினர் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார்: எல்லாரும் உக்காந்து ஒரு திட்டம் போடுங்கப்பா. ஆக்சிடென்டல் காலேஜ் தலைவர் ஆர்தர் கூன்ஸ் தலைமையில் குழு உட்கார்ந்தது. யூ.சி. தரப்பில் பேரம் பேசினவர் அதன் தலைவர் கிளார்க் கெர். பென்சில்வேனியாவில் ஒரு விவசாயி மகன், தொழிற்சங்கத் தகராறுகளில் சமரசம் பேசிப் பழகின பொருளாதாரக்காரர். பேரம் கைவந்த கலை.

1960-ல் வந்த அந்தத் திட்டத்துக்குப் பேர் மாஸ்டர் பிளான். பள்ளி முடிக்கிறவங்கள்ல மேல இருக்கிற எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம், யூ.சி.க்குத் தகுதி. மேல இருக்கிற மூணில் ஒரு பங்கு அரசு கல்லூரிகளுக்கு. மற்ற எல்லாருக்கும் ஜூனியர் காலேஜ் (பின்னாளில் கம்யூனிட்டி காலேஜ்). அங்கே மார்க் கேட்கக் கூடாது, வந்தவனைத் திருப்பி அனுப்பக் கூடாது.

இதைப் படிச்சிட்டு "அடடா என்ன ஒரு தர்ம சிந்தனை"ன்னு நினைச்சுடாதீங்க. அதுக்கு முன்னாடி யூ.சி.யில் மேல் 15 சதவீதம், அரசு கல்லூரிகளில் ஏறக்குறைய மேல் 50 சதவீதம் வரை தகுதி இருந்துச்சு. மாஸ்டர் பிளான் முன்வாசலைக் குறுக்கினது. 1975-க்குள் ஏறத்தாழ 50,000 மாணவர்களை பெரிய கல்லூரிகளில் இருந்து ஜூனியர் காலேஜ் பக்கம் திருப்பி விடணும்ங்கிறதுதான் கணக்கு. காரணம் சிம்பிள். ஜூனியர் காலேஜ்ல ஒரு பிள்ளையைப் படிக்க வைக்க செலவு கம்மி. அதிலும் பெரும்பகுதி அந்தந்த ஊர் சொத்து வரியில் இருந்து வந்துடும், மாநில கஜானாவுக்கு மிச்சம்.

ஆனா அதே திட்டத்துல யாரும் அதிகம் பேசாத ஒரு வரி இருக்கு. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடமும் அதுதான். யூ.சி.யிலும் அரசு கல்லூரிகளிலும் முதல் ரெண்டு வருஷ மாணவர்கள் 40 சதவீதமாக் குறையணும், கடைசி ரெண்டு வருஷத்துல 60 சதவீதம் இருக்கணும். யோசிச்சுப் பாருங்க. கீழே 40 பேர், மேலே 60 பேர்னா அந்த மிச்ச 20 பேர் எங்கிருந்து வருவாங்க? ஜூனியர் காலேஜ்ல இருந்துதான் வந்தாகணும். "கஷ்டப்பட்டுப் படிச்சா முன்னேறலாம் தம்பி"ங்கிற அறிவுரை இல்லை இது. நாற்காலியை எண்ணி காலியா வச்சிருக்காங்க.

சரி, வில்லங்கம் எங்கே? அதே 1960-ல் பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். சான் ஹோசே ஜூனியர் காலேஜைக் கூர்ந்து பார்த்து எழுதினது. சேர்றவங்கள்ல பெரும்பாலானவங்க பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறப் போறோம்னு சொல்லித்தான் வர்றாங்க. ஆனா மாறுறவங்க கம்மி. மற்றவங்களுக்கு ஆலோசகர்கள் ஒரு தேர்வு, ஒரு வகுப்பு, ஒரு அன்பான பேச்சுன்னு கொஞ்சம் கொஞ்சமா மனசை மாத்தி தொழில் படிப்புப் பக்கம் நகர்த்திடுறாங்க. இதுக்கு அவர் வச்ச பேரு 'கூலிங் அவுட்', சூட்டைத் தணிக்கிறது. அந்தச் சொல்லை அவர் எடுத்தது எர்விங் காஃப்மன் 1952-ல் எழுதின கட்டுரையில் இருந்து. அது மோசடிக் கும்பல்களோட பாஷை! காசைப் பறிச்சதும் கும்பல்ல ஒருத்தன் மட்டும் பின்தங்கி, ஏமாந்த சோணகிரி போலீசுக்குப் போயிடாம தோளைத் தட்டி சமாதானம் சொல்வானாம். கல்லூரி ஆலோசகருக்கு இப்படி ஒரு உவமை :-)

அதுக்காக வாசலே பொய்யின்னு சொல்லிட முடியாது. கிரெய்க் வென்டரை எடுத்துக்குங்க, மனித மரபணு வரிசையைப் படிக்கிற போட்டியில் அரசாங்கத் திட்டத்தோடயே மோதி, 2000 ஜூன்ல வெள்ளை மாளிகையில் கிளின்டன் பக்கத்துல நின்னாரே, அவரேதான். பள்ளியில் தட்டுத்தடுமாறித்தான் தேறினார். கடல் அலையில் சர்ஃபிங், அப்புறம் கடற்படை, வியட்நாமில் டா நாங் மருத்துவமனையில் காயம்பட்டவங்களோட வாழ்க்கை. திரும்பி வந்ததும் காலேஜ் ஆஃப் சான் மடேயோ, ஒரு கம்யூனிட்டி காலேஜ். அங்கிருந்து யூ.சி. சான் டியாகோவுக்கு மாறி 1972-ல் பட்டம், 1975-ல் டாக்டர் பட்டம். அவரோட பதினேழு வயசு மார்க் ஷீட்டை மட்டும் பார்த்திருந்தா?

கெருக்கு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. 1967 ஜனவரியில் ரீகன் கவர்னரா வந்து மூணு வாரத்துக்குள்ள அவர் வேலை போச்சு. பெர்க்லி மாணவர் போராட்டத்தில் ரொம்ப மென்மையா நடந்துக்கிட்டாருன்னு கோபம். 'ஃபயர்ட்'ங்கிற சொல்லுக்கு உற்சாகத்தில் பொறி பறக்கறதுன்னும் அர்த்தம், சீட்டைக் கிழிக்கறதுன்னும் அர்த்தம். எப்படி வேலைக்கு வந்தேனோ அப்படியே போறேன், 'ஃபயர்ட் வித் என்தூசியாசம்'னு சொல்லிட்டுப் போனார் மனுஷன்.

1978-ல் 'புரொபசிஷன் 13' சொத்து வரியைக் கட்டிப் போட்டது. கம்யூனிட்டி காலேஜ்கள் எதை நம்பி இருந்துச்சோ அதுக்கே ஆப்பு. இன்னிக்கு 116 காலேஜ், ஏறத்தாழ 20 லட்சம் மாணவர்கள். ஆறு யூ.சி. வளாகங்கள், சொன்ன பாடம் சொன்ன கிரேடு எடுத்தா இடம் நிச்சயம்னு முன்கூட்டியே எழுதிக் கொடுக்குது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ மூணும் அந்த உத்தரவாதத்தைக் கொடுக்கிறதில்லை. யூ.சி.யில் பட்டம் வாங்குறவங்கள்ல கால் பங்குக்கு மேல இந்த வழியா வந்தவங்க. ஆனா 2024-ல் மாநிலத் தணிக்கையாளர் கொடுத்த அறிக்கையைப் பாருங்க: 2017-லிருந்து 2019 வரைக்கும் மாறணும்னு சொல்லிச் சேர்ந்தவங்கள்ல நாலு வருஷத்துல மாறினவங்க ஐஞ்சில் ஒருத்தர்தான். கிளார்க் எழுதி அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

இதுல குறை மாணவர்கள் மேல இல்லைங்கிறது என் கட்சி. ஒவ்வொரு வளாகமும் ஒவ்வொரு பாடப் பட்டியல் கேட்குது. ஒரு பாடம் தப்பா எடுத்தா ஒரு வருஷம் போச்சு. வீட்டுல முதல் தலைமுறையா காலேஜ் போற பிள்ளைக்கு இதை யார் சொல்லுவா? நம்ம ஊர்லயும் இதுக்கு ஒரு சொந்தக்கார வாசல் உண்டு. பாலிடெக்னிக்ல டிப்ளமோ முடிச்சு நேரா ரெண்டாம் வருஷம் பி.இ. சேர்றது. அதுக்குன்னு தனி கவுன்சிலிங்கே நடக்குது. பத்தாவதோட டிப்ளமோ போனவனைப் பாவமா பார்க்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? ப்ளஸ் டூ கட்-ஆஃப் பற்றி மட்டும் டீக்கடை வரைக்கும் மனப்பாடம்.

கொசுறு: ஜூனியர் காலேஜ் யோசனையைக் கலிஃபோர்னியாவில் ஆரம்பத்தில் தூக்கிப் பிடிச்சது பெர்க்லி அலெக்சிஸ் லாஞ்ச், ஸ்டான்ஃபோர்ட் டேவிட் ஸ்டார் ஜோர்டன் மாதிரி பெரிய பல்கலைக்கழகத்துக்காரங்கதான். முதல் ரெண்டு வருஷம் பள்ளிக்கூட வேலை, அதை நாங்க ஏன் செய்யணும்ங்கிறது அவங்க எண்ணம். 1907-ல் சட்டம் வந்தது, 1910-ல் ஃபிரெஸ்னோவில் முதல் காலேஜ் ஒரு ஹைஸ்கூல் கட்டடத்துக்குள்ளேயே தொடங்கினாங்க.