பி.எச். பிறந்த கதை

ஸ்ரீமுஷ்ணம் என்றால் எல்லோருக்கும் பூவராக சுவாமி கோயில்தான் நினைவுக்கு வரும். ஆனால் இது கரும்பு விளையும் பகுதியும்கூட. அருகில் சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. சர்க்கரை ஆலைகளில் கரும்புச்சாறு சர்க்கரையாகும் முன் ஒரு எண்ணைத் தொட்டாக வேண்டும். அந்த எண் 7. அதன் பெயர் பி.எச்.

பிழிந்த சாற்றின் பி.எச். சுமார் 5 முதல் 5.5 வரை இருக்கும். அதாவது அமிலம். அமிலச் சாற்றைச் சூடாக்கினால் சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைந்துவிடும். அவை படிகமாகாமல் கழிவுப்பாகோடு போய்விடும். சுண்ணாம்பு அதிகமானாலோ சாறு கறுத்துவிடும். எனவே சுண்ணாம்புப் பாலும் கந்தக டை ஆக்சைடும் சேர்த்து 7-ஐ ஒட்டி நிறுத்துகிறார்கள்.

வெல்லம் காய்ச்சுபவர்கள் நுரையையும் நிறத்தையும் பார்த்தே சுண்ணாம்பு போட்டார்கள். நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனி 19ஆம் நூற்றாண்டில் ஆலை தொடங்கியபோதும் பி.எச். என்ற சொல் பிறக்கவில்லை. அப்போது லிட்மஸ் போன்ற சாயங்கள்தான் துணை. அவை அமிலமா காரமா என்று சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது.

அந்த "எவ்வளவு"க்கு விடை தந்தவர் டென்மார்க்கின் சோரன்சன். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேதியியல் பிரிவுத் தலைவராக இருந்தார். 1909இல் நொதிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில்தான் இந்த அளவுகோல் முதலில் வந்தது. அவர் ஆராய்ந்த நொதிகளில் ஒன்று இன்வர்டேஸ். அதன் வேலை என்ன தெரியுமா? கரும்புச் சர்க்கரையை உடைப்பது!

நீரில் ஹைட்ரஜன் அயனிகளின் அளவு மிகச் சிறியது. பி.எச். 5 என்றால் ஒரு லிட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு மோல். பி.எச். 7 என்றால் கோடியில் ஒரு பங்கு மோல். இத்தனை பூஜ்யங்களை எழுதுவதற்குப் பதில், அந்த அளவின் லாக் மதிப்பை எடுத்து, மைனஸ் குறியை மாற்றி எழுதினார் சோரன்சன். ஒரு லிட்டரில் 0.001 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்தால் பி.எச். 3. காரத்துக்கு ஹைட்ராக்சைடு அயனியின் லாக்கை இப்படியே எடுத்து 14இலிருந்து கழிக்க வேண்டும் (25 டிகிரி செல்சியஸில்). ஒரு லிட்டரில் 0.01 மோல் சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் 14 - 2 = 12.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 5க்கும் 7க்கும் வித்தியாசம் இரண்டு அல்ல, நூறு மடங்கு! பி.எச். 5 உள்ள நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பி.எச். 7 உள்ள தூய நீரையும் சம அளவில் கலந்தால் 6 வராது, சுமார் 5.3தான் வரும். லட்சத்தையும் கோடியையும் மேலோட்டமாகச் சராசரி பார்த்தால் கணக்கு உதைக்கும்.

எண் கிடைத்தாலும் அதை அளப்பது சுலபமாக இல்லை. 1934இல் அமெரிக்காவில் ஆர்னால்டு பெக்மேனிடம் பழைய கல்லூரித் தோழர் ஒருவர் எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தை அளக்க வழி கேட்டார். அந்தச் சாற்றில் கந்தக டை ஆக்சைடு கலந்திருந்ததால் லிட்மஸ் நிறம் வெளுத்துப் போனது. பெக்மேன் கண்ணாடி மின்முனையோடு மின்னணுப் பெருக்கியை இணைத்து பி.எச். மீட்டர் செய்து கொடுத்தார். சர்க்கரை ஆலைச் சாற்றில் இருப்பதும் அதே கந்தக டை ஆக்சைடுதான்!

இது வெறும் ஆய்வுக்கூடக் கணக்கு அல்ல. 100 கிலோ கரும்பில் எத்தனை கிலோ சர்க்கரை கிடைக்கிறது என்பதே பிழிதிறன். மத்திய அரசு அறிவிக்கும் கரும்பு விலை இதனோடு இணைந்தது. சாறு அமிலமாகவே கொதித்தால் ஆலைக்கும் நஷ்டம், விவசாயிக்கும் நஷ்டம். வருடம் முழுக்கப் பாடுபட்டு வளர்த்த இனிப்பு, ஒரு சிறிய எண் தவறினால் கழிவுப்பாகோடு போய்விடும்.