கணவாயின் நிறமும் ஒரு வாத்தியாரின் பதிலும்



கோவளம் கரையில் அப்போதுதான் வலையிலிருந்து எடுத்த கணவாயைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் தோலில் பழுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள் விரிந்து விரிந்து சுருங்கும். உயிர் போன பிறகும் சிறிது நேரம் இது நடக்கும். நம் கூடுவாஞ்சேரிக்கு வந்து சேருவதற்குள் எல்லாம் அடங்கி வெளுத்துவிடும். இந்தப் புள்ளிகளுக்குப் பெரிய வரலாறு உண்டு.

கணவாயின் உறவான ஆக்டோபஸ், அதாவது பேய்க்கணவாய், பக்கத்துக் கல்லின் நிறத்துக்கு மாறுவதை கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் எழுதிவிட்டார். 1819-இல் இத்தாலியரான சாஞ்சியோவன்னி, தோலில் உள்ள நிறப்பைகளை விளக்கி அவற்றுக்குப் பெயரும் வைத்தார்.

ஒவ்வொரு பையிலும் மஞ்சள், சிவப்பு, பழுப்பு என ஏதோ ஒரு நிறமி இருக்கும். பையைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரக்கால் போலத் தசைகள். மூளையிலிருந்து நரம்பு வழியே கட்டளை வந்ததும் தசைகள் இழுக்கும், பை விரியும், நிறம் தெரியும். தசை தளர்ந்தால் பை சுருங்கிப் புள்ளியாகிவிடும். ஒரு நொடிகூட ஆகாது. நீலமும் பச்சையும் மட்டும் நிறமியால் வருவதில்லை. அடியில் உள்ள மெல்லிய தகடுகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், சோப்புக் குமிழியில் தெரிவதுபோல அவை மின்னுகின்றன.

1832 ஜனவரியில், 22 வயது டார்வின் கேப் வெர்டே தீவில் ஆக்டோபஸ் நிறம் மாறுவதைக் கண்டார். இது புதிய செய்தி போலிருக்கிறதே என்று தம் ஆசிரியர் ஹென்ஸ்லோவுக்குக் கடிதம் எழுதினார். புதிதல்ல, ஆனாலும் புதிதாகக் கவனிப்பது எதுவும் முக்கியமே என்று அடுத்த ஆண்டு பதில் வந்தது.

"இதெல்லாம் தெரிந்ததுதானே" என்று அவர் நிறுத்தியிருந்தால்? அந்த "ஆனாலும்" என்ற ஒரு சொல்தான் ஆசிரியரின் வேலை.

நம் கரையிலும் அப்படிக் கவனித்தவர்கள் உண்டு. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகள் மண்டபத்தில் இருந்தது. பாக் விரிகுடாக் கணவாயைப் பற்றி 1954-இல் கே. வீரபத்திர ராவ் விரிவாக எழுதினார்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பெற்றோர்கள். பிள்ளை எதையாவது ஓடிவந்து காட்டினால், "எனக்குத் தெரியும், போ" என்று சொல்லிவிடாதீர்கள். உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள்.