விசாரணை நடக்காத வழக்கு: ‘டூவிக்ஸ்’ எபிசோடும் ஓயாத ரசிகர் தகராறும்

‘ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்’ தொடரின் இரண்டாம் சீசனில் ‘டூவிக்ஸ்’ என்றொரு எபிசோடு உண்டு. 1996 மே 6 அன்று அமெரிக்காவின் யூபிஎன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. கென்னத் பில்லர் திரைக்கதை எழுத, கிளிஃப் போல் இயக்கினார். கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ரசிகர்களின் சண்டை மட்டும் ஓயவில்லை. கேப்டன் கேத்ரின் ஜேன்வே செய்தது கொலை என்கிறது ஒரு கட்சி. காணாமல்போன இருவரை மீட்டார், அது அவர் கடமை என்கிறது மறு கட்சி. எதிரும் புதிருமான இவ்விரு கட்சிக்கும் வெளியே மூன்றாவதாக ஒரு கூட்டமும் இருக்கிறது. கேள்வியை எழுப்பிவிட்டுப் பதிலிலிருந்து நழுவிய மோசமான எழுத்து என்பது இவர்கள் குற்றச்சாட்டு. முதலிரு கட்சிகளின் வாதங்களைத் தத்துவ வகுப்புகள்கூட எடுத்தாள்கின்றன. மூன்றாவது கூட்டத்தை யாரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. என் பார்வையில் அவர்கள்தான் விஷயத்துக்கு மிக அருகில் வந்தவர்கள். ஆனால் அங்கிருந்து தவறான முடிவுக்குப் போய்விட்டார்கள்.

கதை எளியது. கப்பலின் பாதுகாப்பு அதிகாரி டூவாக், உணர்ச்சியை அடக்கியாளும் வல்கன் இனத்தவர். சமையல்காரர் நீலிக்ஸ், வாய் ஓயாத டலாக்ஸியர். ஒரு கிரகத்தில் தாவர மாதிரிகள் சேகரித்துவிட்டு இருவரும் டிரான்ஸ்போர்ட்டர் வழியே திரும்பும்போது, கையிலிருந்த ஆர்க்கிட் செடியின் நொதிகள் செய்த கோளாறால் இரண்டு உடலும் ஒன்றாகி, புதிதாக ஒருவர் வந்து நிற்கிறார். (தாவரவியல் படித்தவர்கள் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வது நல்லது.) டாம் ரைட் நடித்த இந்தப் புதியவருக்கு வல்கனின் கூர்காதும் இருக்கிறது, டலாக்ஸியரின் முகப்புள்ளியும் இருக்கிறது. உடம்போடு துணியும் கலந்துவிட்டதால், சீருடையின் துணிக்குள் நீலிக்ஸின் பூப்போட்ட சட்டை ஊடுருவிக் கிடக்கிறது. தனக்கு டூவிக்ஸ் என்று அவரே பெயர் சூட்டிக்கொள்கிறார். சில வாரங்களில் சமையலறையிலும் கட்டுப்பாட்டு மேடையிலும் தேறிவிடுகிறார். சக ஊழியர்களுக்கும் பிடித்துப்போகிறது. அப்போதுதான் கப்பலின் மருத்துவர் இருவரையும் பிரிக்கும் வழியைக் கண்டுபிடிக்கிறார். டூவிக்ஸ் சம்மதிக்கவில்லை, வாழ விரும்புகிறார். மறுப்பவரின் உயிரைத் தன்னால் எடுக்க இயலாது என்று மருத்துவர் விலகிக்கொள்ள, ஜேன்வே தன் கையாலேயே அதைச் செய்து முடிக்கிறார்.

இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு, ஜேன்வேயை ஆதரிப்பவர்களின் முதல் ஆயுதம். தத்துவவாதி பிலிப்பா ஃபுட் 1967இல் முன்வைத்து ஜூடித் ஜார்விஸ் தாம்சன் பின்னர் விரித்த டிராம் வண்டிப் புதிர்களைப் படித்தவர்களுக்கு இதன் பலவீனம் தெரியும். ஐந்து நோயாளிகளைப் பிழைக்கவைக்க, ஆரோக்கியமான ஒருவரை அறுத்து உறுப்புகளை எடுக்கலாமா என்றால், கணக்கு சரியாக வந்தாலும் மனம் ஒப்புவதில்லை. 2000இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தைகளைப் பிரிக்க அனுமதித்தது. ஒரு குழந்தை இறப்பது உறுதி என்று தெரிந்தே, பெற்றோரின் எதிர்ப்பையும் மீறித் தந்த அனுமதி அது. ஆனால் பிரிக்காமல் விட்டால் சில மாதங்களில் இரண்டு குழந்தைகளும் இறந்துவிடும் என்பதே அந்தத் தீர்ப்பின் அடித்தளம். டூவிக்ஸுக்கு எந்த நோயும் இல்லை. கப்பலுக்கும் ஆபத்தில்லை, இருவர் வேலையையும் அவர் ஒருவரே செய்துகொண்டிருக்கிறார். அவசரம் என்ற வாதத்துக்கு எபிசோடு வேண்டுமென்றே கதவைச் சாத்திவைத்திருக்கிறது.

ஆதரவாளர்களிடம் இதைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு. டூவாக்கும் நீலிக்ஸும் இறக்கவில்லை, பேச முடியாத இடத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பேச வேண்டியவர் கேப்டன். ஜேன்வே எடுத்துவைப்பதும் இதைத்தான். டூவாக்குக்கு வல்கனில் மனைவி மக்கள் இருக்கிறார்கள், நீலிக்ஸுக்குக் காதலி கெஸ் இருக்கிறாள். டூவிக்ஸ் இதற்குச் சொல்லும் பதில், அவ்விருவரும் தன்னுள் வாழ்கிறார்கள் என்பது. தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட நூலின் வழியில் யோசித்தால் இது கனமான பதில். ‘அதே ஆள்தானா’ என்ற அடையாளக் கேள்வியைவிட நினைவும் குணமும் தொடர்கின்றனவா என்பதே முக்கியம் என்றவர் அவர். அந்த அளவுகோலில் டூவாக்கும் நீலிக்ஸும் பெருமளவு பிழைத்திருக்கிறார்கள். ஆக, மீட்கப்பட வேண்டிய ‘இரண்டு உயிர்’ என்ற தொகை சுருங்கிவிடுகிறது.

ஆனால் இந்தக் கத்திக்கு இரு பக்கமும் கூர். அவர்கள் இவருக்குள் வாழ்ந்தார்கள் என்றால், பிரித்தபின் இவரும் அவர்களுக்குள் வாழ்வார் அல்லவா? டூவிக்ஸின் சொந்த வாதமே அவருக்கு எதிர்சாட்சியாகிவிடுகிறது. ரசிகர் விவாதங்களில் இந்தச் சிக்கல் போதிய கவனம் பெறவில்லை என்பது என் எண்ணம். இதைத் தீர்க்கத் திரையில் உள்ள சான்றைத்தான் பார்க்க வேண்டும். டூவிக்ஸிடம் நீலிக்ஸின் கைப்பக்குவமும் டூவாக்கின் உத்தியறிவும் கண்ணுக்குத் தெரிகின்றன; கெஸ்ஸை அவர் நேசிக்கிறார், டூவாக்கின் மனைவியையும் நேசிக்கிறார். மறுதிசையில், திரும்பிவந்த டூவாக்கிடம் டூவிக்ஸின் சுவடு ஏதாவது தெரிகிறதா? அடுத்த வாரம், மே 13 அன்று, ‘ரெசொல்யூஷன்ஸ்’ ஒளிபரப்பானது. ஜேன்வேயும் துணைத்தலைவர் சக்கோட்டேயும் நோயினால் ஒரு கிரகத்தில் தங்கிவிட, கப்பலின் தலைமை யார் கைக்குப் போகிறது என்று நினைக்கிறீர்கள்? டூவாக்கின் கைக்குத்தான். ஊழியர்கள் ஜேன்வேயை மீட்கத் துடிக்க, ஜேன்வே இட்ட ஆணையைப் பிடித்துக்கொண்டு முதலில் அசையாமல் இருக்கிறார் டூவாக். அச்சு அசலாகப் பழைய வல்கன். ஆகவே தொடர்ச்சி ஒரு திசையில் மட்டுமே நடந்திருக்கிறது. டூவிக்ஸ் இறந்தார் என்பதே என் தீர்ப்பு.

இதுவரை சொன்னது ஒழுக்கவியல். ஆனால் ஒழுக்கவியல் கேள்வி கடினம் என்பதால் மட்டும் ஒரு எபிசோடு இத்தனை ஆண்டுகள் சண்டையைக் கிளப்பாது. இதே அளவு கடினமான கேள்விகளை ஸ்டார் ட்ரெக் பலமுறை எழுப்பி, பார்வையாளரைச் சமாதானமாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. அதற்கு அது கையாளும் கருவி விசாரணை மன்றம். 1989இல் ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ எபிசோடில் டேட்டா என்ற இயந்திர மனிதனைப் பிரித்துப்போட்டு ஆராய ஒரு விஞ்ஞானி கேட்கிறார். உடனே நீதிபதி அமர்கிறார். டேட்டாவுக்காகக் கேப்டன் பிகார்ட் வாதாடுகிறார், துணை அதிகாரி ரைக்கர் மனமில்லாமல் எதிர்த்தரப்பு ஆகிறார், டேட்டாவுக்கு மறுக்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பாகிறது. இயந்திரத்துக்கே கிடைத்த விசாரணை டூவிக்ஸுக்குக் கிடைக்கவில்லை. பூமியிலிருந்து எழுபதாயிரம் ஒளியாண்டு தொலைவில் திசைமாறிக் கிடக்கும் கப்பலில் நீதிமன்றத்துக்கு எங்கே போவது என்று ஜேன்வேயின் ஆதரவாளர்கள் கேட்பார்கள்.

அதே கப்பலில், அதே சீசனில், 1996 பிப்ரவரி 19 அன்று ஒளிபரப்பான ‘டெத் விஷ்’ எபிசோடில் முறையான விசாரணை நடந்தது என்பதே அதற்குப் பதில். சாகாவரம் பெற்ற கியூ இனத்தவர் ஒருவர் சாவதற்கு உரிமை கேட்டுக் கப்பலில் தஞ்சம் புகுகிறார். ஜேன்வேதான் விசாரணைத் தலைவர். சாட்சிகள் வருகிறார்கள். இரு தரப்பும் வாதிடுகிறது. தஞ்சம் கேட்டவரின் வக்கீலாக எழுந்து பேசுபவர் டூவாக். யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டு, தஞ்சம் தருவதாக ஜேன்வே தீர்ப்புச் சொல்கிறார். சாக விரும்பியவருக்கு நாற்காலி போட்டு, வக்கீல் வைத்து, சாட்சி கேட்ட அதே கேப்டன், மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், வாழ விரும்பியவருக்குத் தனி அறையில் ஓர் உரையாடலோடு கதையை முடித்துவிடுகிறார். வக்கீல் பதவிக்குப் பொருத்தமானவரே வழக்கின் பொருளாகிவிட்டது வேறு விஷயம்.

ஜேன்வே எடுத்த முடிவைவிட, அதை எடுத்த முறையில்தான் குற்றம் இருக்கிறது என்று நான் வாதிடுவது இதனால்தான். எபிசோடின் உச்சமும் அங்கேயே அமைந்திருக்கிறது. தன்னை அழைத்துப்போக வந்த ஜேன்வேயின் முன்னால், டூவிக்ஸ் கட்டுப்பாட்டு மேடையில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கெஞ்சுகிறார். யாரும் வாய் திறப்பதில்லை. நேற்றுவரை அவர் சமைத்ததைச் சாப்பிட்டவர்கள் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார்கள். தப்பிக்கப் பார்க்கும் அவரைப் பாதுகாவலர்கள் தடுக்கிறார்கள். பிறகு சக ஊழியர்களை மன்னிப்பதாகச் சொல்லிவிட்டு நடக்கிறார். வேதாளம் விக்கிரமாதித்தனிடம் சொல்லும் கதைகளில் தலைமாறிய இருவர் கதை ஒன்று வரும். கணவனின் தலை ஓருடலிலும் அவன் உடல் இன்னொரு தலையோடும் இருந்தால் கணவன் யார் என்பது கேள்வி. அங்கே விடை தெரிந்தும் மௌனம் காத்தால் தலை வெடித்துவிடும். ராஜா பேசியே ஆக வேண்டும். வாயேஜரில் மௌனத்துக்குத் தண்டனை கிடையாது. ஜேன்வேக்கு எதிராகக் கொதிக்கும் ரசிகர்கள் இந்த மௌனிகளை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. எதிர்த்துச் சொன்ன ஒரே ஆள் மருத்துவர். அவரோ ஹோலோகிராம், மனிதரா கருவியா என்று தொடரே இன்னும் முடிவு செய்திராதவர்.

பில்லர் இந்த விசாரணையை மறந்துபோய் விட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. விசாரணை இருந்தால் பார்வையாளர் நீதிபதியின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். அது இல்லாததால் தீர்ப்பு அவர் தலையில் விழுகிறது. எழுத்து நழுவிவிட்டது என்று மூன்றாவது கூட்டம் குறை சொல்லும் இடத்தில்தான் எபிசோடின் கலைத்திறன் இருக்கிறது.

அவர்கள் சொல்வதில் பாதி சரி என்பதையும் ஏற்க வேண்டும். டூவாக்காக நடித்த டிம் ரஸ், நீலிக்ஸாக நடித்த ஈத்தன் ஃபிலிப்ஸ் இருவரின் பெயரும் ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் ஓடுகிறது. டாம் ரைட் விருந்தாளி நடிகர். அவர்கள் திரும்புவார்கள், இவர் போவார் என்பது முதல் நிமிடத்திலேயே முடிவான விஷயம். ஒளிபரப்பாகும் ஒவ்வொரு எபிசோடும் தனித்து நிற்க வேண்டும், அடுத்த வாரம் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அக்காலத் தொலைக்காட்சி வியாபாரத்தின் கட்டளை. ஜேன்வே நிறைவேற்றியது அந்தக் கட்டளையைத்தான் என்று வாசிக்கவும் இடமிருக்கிறது. இயல்பாக மற்ற எபிசோடுகளில் ஓசையில்லாமல் நடக்கும் இந்தத் திருப்பிவைத்தல், இங்கே ஒரு ஆளைக் கொன்றால்தான் நடக்கும் என்று எழுத்தாளர் காட்டிவிட்டார். வழக்கமான சம்பிரதாயத்தின் விலைப்பட்டியலை ஒரு தடவை வெளியே எடுத்து வைத்ததுபோல.

பின்னால் வந்தவர்கள் இதே கதையைத் தொட்டபோது என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2003இல் ‘என்டர்பிரைஸ்’ தொடரின் ‘சிமிலிட்யூட்’ எபிசோடில், சாகக் கிடக்கும் பொறியாளர் டிரிப்பைக் காப்பாற்ற அவரது நகலாக சிம் என்பவர் வளர்க்கப்படுகிறார். சிம்மும் வாழ ஆசைப்படுகிறார்; ஆனால் கடைசியில் தானே ஒப்புக்கொண்டு அறுவைக்குப் போகிறார். ஒப்புதல் வந்ததும் பார்வையாளர் அழுதுவிட்டு நிம்மதியாகலாம். 2023இல் ‘லோயர் டெக்ஸ்’ என்ற நகைச்சுவைத் தொடர் ‘டூவோவிக்ஸ்’ என்று பெயரிலேயே கேலி செய்தது. அதில் ஜேன்வேயின் பதிவேட்டைப் படிக்கும் கேப்டன் ஃப்ரீமன் திகைத்துப்போகிறார். பிறகு, டூவிக்ஸைப் போல ஒன்றாகக் கலந்துபோன ஊழியர்கள் எல்லோரும் சிந்தனையற்ற ஒரே பிண்டமாக்கப்படுவதால், பிரிப்பதில் யாருக்கும் மனச்சங்கடம் இல்லை. ஒரு கதை மறுப்பை நீக்கியது, இன்னொன்று மறுப்பவரின் மனத்தையே நீக்கியது. இரண்டும் நல்ல எபிசோடுகள். இரண்டைப் பற்றியும் இந்த அளவுக்கு யாரும் அடித்துக்கொள்வதில்லை.

வாயேஜர் தொடரின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. 1999 ஜனவரியில் வந்த ‘லேட்டன்ட் இமேஜ்’ எபிசோடில், ஒரே நேரத்தில் சாகக் கிடந்த ஊழியர் இருவரில் ஹாரி கிம்மை மட்டும் காப்பாற்றியதற்காக மருத்துவர் தன்னையே குடைந்துகொள்கிறார். இறந்துபோன அனி ஜெட்டாலை மறக்க முடியாமல் செயலிழக்கும் நிலைக்குப் போகிறார். ஜேன்வே அதைக் கோளாறு என்று கருதி அந்த நினைவையே அழிக்க உத்தரவிட்டிருந்தார். கப்பல் ஊழியரான செவன் ஆஃப் நைன் வாதாடிய பிறகே மனம் மாறி, மருத்துவர் தன் குற்றவுணர்வோடு மல்லாட அனுமதிக்கிறார். ஒரு முடிவின் பாரத்தை முழு எபிசோடு நீளத்துக்குச் சுமக்கவைக்க இந்தத் தொடருக்குத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. மருத்துவர் அன்று இரு நோயாளிகளில் ஒருவரைத் தேர்ந்தார். அவர் யாரையும் கொல்லவில்லை. டூவிக்ஸைப் பிரித்த ஜேன்வேக்கு மருத்துவ அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் சில நொடிகள் மட்டும் தந்துவிட்டு, மீதமிருந்த ஐந்து சீசன்களில் அந்தக் கேள்வியின் பக்கம் தொடர் அவரைத் திருப்பவே இல்லை.