பெயர் மாறிப்போன ஒரு நீர்ப்பெரணியின் வரலாறு



சில வாரங்களுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், தன் வீட்டருகே உள்ள பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலிருந்து ஒரு வாளி நிறைய மிதக்கும் செடிகளைக் கொண்டுவந்தான். மலாய்மொழியில் கியம்பாங் என்பார்கள். படகு கடந்ததும் விலகிய கியம்பாங் மீண்டும் ஒன்றுசேரும் என்ற பழமொழியை நம் பிள்ளைகள் தேசிய மொழிப் பாடத்தில் படிக்கிறார்கள். நானும் மகிழ்ச்சியுடன் செடிகளை ஒரு தொட்டியில் இட்டு, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எடுத்த பழைய குறிப்பேட்டைப் பார்த்து, ‘சல்வீனியா ஆரிகுலாட்டா’ என அட்டையில் எழுதி ஒட்டினேன். அன்று மாலை சரிபார்த்தபோதுதான் அப்பெயர் பிழை என அறிந்தேன். எனினும் அது என் பிழை மட்டுமன்று. தாவரவியலறிஞர்களே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அப்பிழையைச் செய்திருக்கிறார்கள். அதனால் விளைந்தவற்றையே இங்கு எழுத விழைகிறேன்.

சல்வீனியா ஒரு பெரணி. பூப்பதில்லை, காய்ப்பதில்லை. ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள் உண்டு. இரண்டு மிதக்கும், மூன்றாவது நீருக்குள் நார்நாராகப் பிரிந்து வேர்போல் தொங்கும். உண்மையான வேரே கிடையாது. (சல்வீனியா என்னும் பெயர் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்துக் கிரேக்கமொழிப் பேராசிரியர் அந்தோனியோ மரியா சல்வினியின் நினைவாக இடப்பட்டது. ஒரு மொழியாசிரியரின் பெயர் குட்டையில் மிதக்கிறது என்பதில் எனக்குச் சிறு பெருமை!)

இப்பெரணி 1939ஆம் ஆண்டில் கொழும்பில் தாவரவியல் ஆய்வுக்காக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அது வெளியேறி, வயல்களையும் கால்வாய்களையும் மூடியது. உகந்த சூழலில் இரண்டு மூன்று நாள்களிலேயே இருமடங்காகப் பெருகும் செடி அது. ஆப்பிரிக்காவில் சாம்பேசி ஆற்றின் குறுக்கே எழுந்த கரீபா அணையில் 1959இல் தோன்றி, 1962இல் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பை மூடியது. கேரளத்தின் குட்டநாட்டு உழவர்கள் அதனை ஆப்பிரிக்கப் பாயல் என்று அழைத்துச் சபித்தார்கள். உண்மையில் அதன் தாயகம் ஆப்பிரிக்காவன்று. ஆக, மக்கள் வைத்த பெயரிலும் பிழை!

இத்தனை இடங்களிலும் அறிஞர்கள் அதற்குக் கூறிய பெயர் சல்வீனியா ஆரிகுலாட்டா. 1775இல் பிரெஞ்சுத் தாவரவியலறிஞர் ஒப்ளே தென்னமெரிக்காவின் கயானாப் பகுதிச் செடியொன்றுக்கு இட்ட பெயர் அது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இரண்டின் இலைமேலும் நுண்மயிர்கள் உண்டு. ஒவ்வொரு மயிரும் நான்காகப் பிரிந்து, நுனியில் மீண்டும் ஒன்றாகக் கூடும். முட்டை அடிக்கும் கம்பிக் கருவியை நினைத்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு, இச்செடி இளமையில் தட்டையான சிற்றிலைகளுடனும், நெருங்கி வளர்கையில் மடிந்த பேரிலைகளுடனும் காணப்படும். ஒரே செடி இரண்டுபோல் தோன்றும். இரண்டு இனங்கள் ஒன்றுபோல் தோன்றும்.

1972இல் டி. எஸ். மிட்செல் என்னும் அறிஞர், கரீபாவின் செடி தனி இனம் என்று நிறுவி, சல்வீனியா மொலெஸ்டா எனப் பெயரிட்டார். மொலெஸ்டா என்றால் தொல்லை தருவது. நீருக்கடியில் தொங்கும் சிதற்பைகளின் அமைப்பே வேறுபாட்டுக்குச் சான்றாயிற்று. மொலெஸ்டாவின் சிதல்கள் முளைக்கும் திறனற்ற மலடு. அதற்கு 45 குரோமோசோம்கள், அதாவது ஒன்பதின் ஐந்து தொகுதிகள். ஒற்றைப்படைத் தொகுதிகள் சரிபாதியாகப் பிரிய இயலாதல்லவா? எனவே அது உடைந்த தண்டுத் துண்டுகளாலேயே உலகைச் சுற்றியது.

பெயர் மாறினால் உழவனுக்கு என்ன என்று கேட்கலாம். நானும் கேட்டேன்.

1960களில் இக்களையை உண்ணும் பூச்சியைத் தேடியவர்கள், ஆரிகுலாட்டா என்ற பெயரை நம்பித் திரினிடாட், கயானா பகுதிகளுக்குச் சென்றார்கள். அங்குள்ள ஆரிகுலாட்டாவில் வாழ்ந்த வெட்டுக்கிளியையும் கூன்வண்டையும் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்றார்கள்; வெட்டுக்கிளி இலங்கைக்கும் கேரளத்துக்கும்கூட வந்தது. களை அடங்கவில்லை. பின்னர் பாப்புவா நியூகினியின் செபிக் ஆற்றில் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் மூடுண்டது. படகு செல்ல வழியில்லை. மீனுமில்லை, சவ்வரிசி மரத்தை அடையவும் இயலவில்லை. சில ஊர்களை மக்கள் கைவிட்டே போனார்கள்.

மொலெஸ்டாவின் உண்மைத் தாயகம் தென்கிழக்குப் பிரேசில் என்பது 1978இல்தான் தெரியவந்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அங்கே கண்டெடுத்த கூன்வண்டின் நீளம் இரண்டு மில்லிமீட்டர் அளவே. முன்பு ஆப்பிரிக்காவில் விட்ட அதே வண்டு என்றே அவர்களும் எண்ணினார்கள். 1980இல் குவீன்ஸ்லாந்தின் மூண்டாரா ஏரியில் விட்டபோது, ஏறக்குறைய 200 ஹெக்டேர் களை ஓராண்டு அளவில் அழிந்தது. வியப்புற்று வண்டை மீண்டும் ஆராய்ந்ததில், அதுவும் வேறோர் இனமாகவே இருந்தது! 1985இல் அதற்குச் சிர்ட்டோபேகஸ் சால்வீனியே என்னும் பெயர் கிடைத்தது. பெரணியில் நேர்ந்த குழப்பம் வண்டிலும் நேர்ந்திருந்தது. அவ்வண்டினால் செபிக் ஆறு மீண்டும் திறந்தது. குட்டநாட்டு வயல்களுக்கும், 1986இல் இலங்கைக்கும் அது சென்றது.

வகுப்பறையில் நாம் எவ்வளவு தூரம் இவற்றைப் பிரித்தறியலாம்? ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். இலை கூம்புபோல் சுருண்டிருந்தால் அது நம் வட்டாரத்துக்கே உரிய சல்வீனியா குக்குல்லாட்டா. மயிர்கள் நுனியில் கூடாமல் விரிந்திருந்தால் மினிமா போன்ற வேறு இனம். கூடியிருந்தால் மொலெஸ்டாவாகவோ அதன் நெருங்கிய உறவாகவோ இருக்கலாம். உறுதி செய்யச் சிதற்பையை நுண்நோக்காடியில் காணவேண்டும். என் மாணவர்கள் முட்டை அடிக்கும் கருவியைக் கண்டு கூச்சலிட்டதில் பக்கத்து வகுப்பாசிரியை எட்டிப் பார்த்தார்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மீன்தொட்டியில் இச்செடி மிகுந்துவிட்டால் வெயிலில் உலர்த்தி எறியுங்கள், கால்வாயில் கொட்டாதீர்கள். ஒரு துண்டு போதும்.

தொட்டியின் அட்டையை மாற்றிவிட்டோம். செடியைக் கொண்டுவந்த மாணவனே எழுதினான்: ‘சல்வீனியா மொலெஸ்டா’. அதன்பின் ஒரு கேள்விக்குறியும் இட்டான். சிதற்பையை இன்னும் நாங்கள் பார்க்கவில்லையாம்.