குலுக்கல் சீட்டும் ஊர்க்கணக்கும்

வளர்ச்சியியல் முதுநிலைப் படிப்பில் மாணவர்கள் வேண்டாவெறுப்பாக உட்காரும் வகுப்பு என்று ஒன்று உண்டென்றால் அது ஆய்வு முறைகள்தான். வறுமை, பஞ்சம், இடப்பெயர்வு என்று படிக்க வந்தவர்களுக்கு மாதிரியெடுப்பும் வினாத்தாளும் சலிப்பூட்டுவதில் வியப்பில்லை. ஆனால் ஏழை நாடுகளைப் பற்றி எதை உண்மையென்று ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதை மாணவர் கற்பது அங்கேதான். அந்த வகுப்பில் எதிரெதிரே நிற்கும் மரபுகள் இரண்டு. ஒன்று, ஆர்.சி.டி. எனப்படும் குலுக்கல் முறைச் சோதனை. மற்றது, ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் கிராம ஆய்வு. முன்னதற்கு ராஜஸ்தானின் உதய்பூரையும் பின்னதற்கு விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டையும் எடுத்துக்கொள்வோம்.

உதய்பூர் மாவட்டக் கிராமங்களில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் ஓராசிரியர் பள்ளிகளை நடத்திவந்தது. ஆசிரியர் வராவிட்டால் பள்ளிக்கு அன்று விடுமுறைதான். 2003இல் எஸ்தர் டஃப்லோவும் உடன் ஆய்வாளர்களும் பள்ளிகளைக் குலுக்கிப் போட்டு, ஏறக்குறைய பாதிப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஆளுக்கொரு கேமரா கொடுத்தார்கள். பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் ஆசிரியரும் பிள்ளைகளும் நிற்க, மாணவர் ஒருவர் படம் பிடிக்க வேண்டும். தேதியும் நேரமும் படத்திலேயே பதிந்துவிடும், திருத்த முடியாது. இரண்டு படங்களுக்கும் இடையே ஐந்து மணி நேரமாவது இருக்க வேண்டும். படத்தில் எட்டுப் பிள்ளைகளாவது தெரிய வேண்டும். மாதம் இருபது நாள் வந்தால் 1,000 ரூபாய். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடும். குறையும் நாளுக்கு 50 ரூபாய் பிடித்தம். கேமரா இல்லாத பள்ளிகளில் ஆசிரியர் வராத அளவு 42 விழுக்காடு. கேமரா உள்ள பள்ளிகளில் 21.

இந்த எண்களுக்கு வலு தருவது குலுக்கல். கேமராவை யாருக்குக் கொடுப்பது என்று ஆய்வாளரோ அதிகாரியோ முடிவு செய்திருந்தால், ஏற்கெனவே ஒழுங்காக வருகிறவர்களுக்கே அது போயிருக்கக்கூடும். 2003இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய ஜே-பால் ஆய்வு மையம் இந்த முறையை உலகெங்கும் கொண்டுசென்றது. அதன் தெற்காசியப் பிரிவு சென்னையில் கால் ஊன்றியது. 2019இல் டஃப்லோ, அபிஜித் பானர்ஜி, மைக்கேல் கிரேமர் மூவருக்கும் பொருளியல் நோபல் கிடைத்தது.

இருவேல்பட்டின் கதை அதைவிடப் பழையது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களை வினாப்பட்டியலோடு சொந்த ஊர்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எங்கே என்று அவர்கள் எழுதிவந்த கணக்கு 1918இல் நூலாயிற்று. அப்போதைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்த இருவேல்பட்டும் அவ்வூர்களில் ஒன்று. 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் முன்னின்று மறு ஆய்வு நடத்தினார்கள். பின்னர் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில், தமிழக நிதித்துறைச் செயலராக இருந்து ஆய்வுக்கு வந்த எஸ். குகனும் மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரும் அவ்வூரைப் பற்றி எழுதினார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் ஊரை மறுபடி பார்த்தார்கள். பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் பிடி தளர்ந்தது, ஊருக்கு வெளியே வேலை கிடைத்தது, தலித் தொழிலாளர்கள் நிலத்தையும் நிலக்காரரையும் மட்டும் நம்பியிருந்த நிலை மாறியது ஆகியவற்றை இந்தத் தொடர் ஆய்வுகளை வரிசையாக வைத்துப் படித்தால் காணலாம்.

இனி இரண்டையும் அருகருகே வைப்போம். உதய்பூரில் கேள்வி முன்பே முடிவானது: கண்காணிப்பும் ஊதியமும் சேர்ந்தால் வருகை கூடுமா? களத்துக்குப் போன பின் கேள்வியை மாற்றுவது அங்கே குற்றம். மாற்றினால் ஒப்பீடே கெட்டுப்போகும். இருவேல்பட்டில் கேள்வி ஒவ்வொரு தலைமுறையிலும் மாறியது. ஸ்லேட்டரின் மாணவர் கூலியைக் கேட்டார். 2008இல் போனவர்கள் கூலியோடு ஊர் அதிகாரத்தையும் சாதி அரசியலையும் கேட்டார்கள். ஊர் மாறியதால் கேள்வியும் மாற வேண்டியிருந்தது.

கிராம ஆய்வின் பலவீனமும் இங்கேதான் தெரிகிறது. தொழிலாளரின் கை ஓங்கியதற்குக் காரணம் வெளியூர் வேலையா, ரேஷன் அரிசியா, கட்சி அரசியலா? எல்லாம் ஒரே காலத்தில், ஒரே ஊரில் நடந்தன. இவற்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல ஒப்பிடுவதற்கு இன்னோர் இருவேல்பட்டு இல்லை. கேட்டவர் யார் என்ற கேள்வியும் உண்டு. 1916இல் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். அப்படிப்பட்டவரிடம் கூலியாள் தன் கடனைப் பற்றி எவ்வளவு மனம் திறந்திருப்பார்?

குலுக்கல் முறையின் எல்லையைக் காட்டுவதும் அதே உதய்பூர்தான். ஆசிரியர்களிடம் பலித்த வழியை அரசுத் துணை சுகாதார நிலையச் செவிலியரிடம் முயன்றார்கள். கேமராவுக்குப் பதில் நேரமுத்திரை இயந்திரம். முதல் சில மாதங்களில் வருகை நன்றாகவே கூடியது. பிறகு சரிந்து, பதினாறு மாதங்கள் கழிந்தபோது இயந்திரம் உள்ள நிலையத்துக்கும் இல்லாத நிலையத்துக்கும் வேறுபாடே இல்லை. செவிலியர் இயந்திரத்தை ஏமாற்றியதால் மட்டும் வந்த வினை அல்ல இது. கூட்டம், வெளிவேலை என்று வருகையிலிருந்து விலக்களிக்கப்பட்ட நாட்கள் பதிவேட்டில் பெருகின. உள்ளூர் சுகாதார நிர்வாகமே திட்டத்தை நீர்த்துப்போக விட்டது. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தது தொண்டு நிறுவனம். செவிலியருக்கு மேலே இருந்தது அரசு நிர்வாகம்.

சோதனைக்கு உரிய பெருமையைக் கொடுத்தாக வேண்டும். ஒப்பீட்டு நிலையங்கள் இல்லாவிட்டால் அந்த முதல் மாதங்களின் வெற்றியே அறிக்கையாகி வேறு மாவட்டங்களுக்கும் போயிருக்கும். ஆனால் தோல்வியைக் கண்டுபிடித்தது எண் என்றால், காரணத்தைச் சொன்னது விலக்குப் பதிவேடு. யார் யாருக்குக் கட்டுப்பட்டவர், யாருடைய சலுகையில் யார் வாழ்கிறார் என்பது கிராம ஆய்வு முதல் நாளே கேட்கும் கேள்வி.

ஆக, குலுக்கல் நம்மைத் தவறான விடையிலிருந்து காக்கிறது. ஊர்க்கணக்கு தவறான கேள்வியிலிருந்து காக்கிறது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. இரண்டையும் கலந்தால் போதும் என்று பாடத்திட்டங்கள் சொல்கின்றன. நடைமுறையில் அந்தக் கலப்பு, கணக்கெடுப்பு முடிந்த பிறகு நாலு பேரைப் பேட்டி கண்டு, அவர்கள் சொன்னதைக் கட்டம் கட்டிப் போடுவதோடு நின்றுவிடுகிறது. முடிவுக்கு அலங்காரமாகும் பேட்டி கேள்வியைத் திருத்தாது.

பிரிட்டனில் முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டுதான். அதற்குள் மாணவர் தனியாளாகப் பெரிய சோதனையும் நடத்த முடியாது, தலைமுறை ஆய்வும் செய்ய முடியாது. எந்த முறையை எப்போது நம்புவது என்ற தெளிவைத்தான் அங்கே பெற முடியும். அதனால் வகுப்பின் வரிசையை மாற்றலாம். புள்ளியியல் மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு கிராம மறு ஆய்வை முழுதாகப் படிக்கட்டும். பிறகு சோதனையை வடிவமைக்கட்டும். அப்படிப் படித்தவர் செவிலியர் திட்டத்தைத் தொடங்குமுன், விலக்கு நாளுக்குக் கையெழுத்திடுவது யார் என்று கேட்டிருப்பார்.